தாலித் தங்கமும் கல்லூரிப் படிப்பும்

ஆசிரியருக்கு,

புதுமைப் பெண் திட்டம் குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் மாணவிகளுக்கு அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் சின்னத் தொகைதான். ஆனால் அது தாய்மார்கள் மனதில் ஏற்படுத்தியிருக்கும் மாற்றம் பெரிது. சமூக சீர்திருத்தவாதி மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான இந்தத் திட்டம், 2022-இல் மாற்றப்படும்வரை திருமண உதவியாகத்தான் இருந்தது. தாலிக்கு 8 கிராம் தங்கம் தந்தார்கள். வறுமையில் அன்று இருந்த கவலை அது, தப்பு சொல்ல முடியாது.

எங்கள் தெருவில் பீடி சுற்றும் அக்கா ஒருவர், அந்தத் தங்கத்தை நம்பித்தான் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்தார். இளையவள் இப்போது பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. "கல்யாணம் எங்கே போயிடப் போகுது, முதல்ல படிச்சு முடிக்கட்டும்" என்று மடியில் பீடித் தட்டோடு அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் கல்லூரியில் சேர்க்கும்போது கட்டணம், பஸ், நோட்டு என்று செலவுக்குக் கம்மலை அடகு வைத்தார். உதவித்தொகை சில மாதம் கழித்துத்தான் வந்தது. முதல் மூன்று மாதத் தொகையைச் சேர்க்கையின்போதே மொத்தமாக வழங்க அரசு முன்வர வேண்டும்.

- வாசகர், தென்காசி மாவட்டம்