அவெய்ரோ சுற்றுலாவைச் சொன்னபடி நடத்தாதது குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: போர்ச்சுகல் குழுச் சுற்றுலாவில் அவெய்ரோ நகர நிகழ்ச்சியில் ஏற்பட்ட குறைபாடுகள், கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த ஜூலையில் உங்கள் போர்ச்சுகல் குழுச் சுற்றுலாவில் அம்மாவும் நானும் வந்திருந்தோம். லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் எங்களுக்குச் சொல்லும்படியாக எந்தக் குறையும் இல்லை. அவெய்ரோவில் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். மற்ற நிறுவனங்களின் பேக்கேஜ்களை விட்டுவிட்டு உங்களுடையதை எடுத்ததற்குக் காரணமே, அந்தக் கால்வாய் நகரத்துக்கு நீங்கள் முழு நாள் ஒதுக்கியிருந்ததுதான். அருங்காட்சியகம், மோலிசெய்ரோ படகுச் சவாரி, உப்பளம், கோஸ்டா நோவா கடற்கரை, பார்ரா கலங்கரை விளக்கம் எல்லாம் பயணத்திட்டத்தில் அச்சிட்டிருந்தீர்கள். அதில் படகுச் சவாரி ஒன்றுதான் நடந்தது.

முதலில் அருங்காட்சியகம். எங்களை அங்கே கொண்டுபோய் இறக்கியது ஒரு திங்கட்கிழமை. அவெய்ரோ அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மாதக்கணக்கில் திட்டம் போட்டு, முன்பணம் வாங்கி நடத்தும் ஒரு சுற்றுலாவில் இதைக் கூடவா பார்க்க மாட்டீர்கள்? அது பழைய இயேசு கன்னிமாடம். அரசர் ஐந்தாம் அஃபோன்சோவின் மகள் ஜோவானா அரண்மனையை விட்டு அங்கே வந்து தங்கி, 1490இல் அங்கேயே இறந்தார். ஊர்க்காரர்கள் இன்றும் அவரைப் புனிதராகக் கும்பிடுகிறார்கள். பல வண்ணப் பளிங்குத் துண்டுகளைப் பதித்துச் செய்த அவருடைய கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஊரிலிருந்து கிளம்பும்போதே சொல்லிக்கொண்டிருந்தார். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றபோது உங்கள் டூர் மேனேஜர், "வெளியிலிருந்தே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை" என்றார். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் நடந்து வந்த ஒருவரிடம் சொல்லும் பதிலா இது?

அப்புறம் படகு. சவாரி நன்றாகவே இருந்தது, படகோட்டியும் பொறுமையானவர். ஆனால் எங்கள் டூர் மேனேஜர், இந்தப் படகுகள் வெனிஸைப் பார்த்துச் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்தவை என்று மைக்கில் சொன்னார். இது தவறு. மோலிசெய்ரோ உழைப்பாளிகளின் படகு. அவெய்ரோ காயலின் அடியில் வளரும் பாசியையும் நீர்ச்செடிகளையும் வாரி எடுத்து, வயலுக்கு உரமாகக் கொண்டுபோகக் கட்டியது. ஆழமில்லாத தண்ணீரில் போக வேண்டும் என்பதால்தான் அதன் அடிப்பாகம் தட்டையாக இருக்கிறது. முன்னும் பின்னும் வளைந்து எழும் பலகைகளில் ஓவியம் தீட்டி, அடியில் ஒரு வரி வாசகமும் எழுதியிருப்பார்கள். நாங்கள் ஏறிய படகில் சிவப்பு, மஞ்சள் பூக்கரைக்கு நடுவே ஒரு ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டிருப்பது போன்ற படம். என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டார். தமிழில் விளக்கம் தருவோம் என்று விளம்பரம் செய்திருந்தீர்கள். எங்களுக்குக் கிடைத்த பதில், "சீக்கிரம் இறங்குங்கள், நேரமாகிறது" என்பதுதான்.

அந்த ஊரின் கதை சொல்லச் சொல்லத் தீராதது. 1575இல் வந்த புயலுக்குப் பிறகு காயலின் முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டது, துறைமுகம் படுத்தது, ஊரும் நலிந்தது. 1808இல் கடலுக்குப் புதிதாக வழி வெட்டிய பிறகுதான் அவெய்ரோ மீண்டது. இதில் ஒரு வரியாவது எங்கள் குழுவுக்குச் சொல்லியிருக்கலாம்.

என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாதது அடுத்து நடந்தது. கடையில் எல்லோருக்கும் ஓவோஸ் மோலெஸ் வாங்கிக் கொடுத்தார்கள். சிப்பி, மீன் வடிவில் மெல்லிய மாவு உறைக்குள் அடைத்த இனிப்பு. அவெய்ரோ கன்னிமாடங்களில் பிறந்து, 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றது. உள்ளே இருப்பது முழுக்க முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும். முன்பதிவுப் படிவத்தில் 'முட்டை சேர்க்காத சைவம்' என்று நாங்கள் தெளிவாகக் குறித்துக் கொடுத்திருந்தோம். அம்மா சந்தேகப்பட்டுக் கேட்டபோதும் "பால் இனிப்புதான் அம்மா, தைரியமாகச் சாப்பிடுங்கள்" என்று டூர் மேனேஜர் சொன்னார். வாயில் வைத்த பிறகு கடைக்காரர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. வாழ்நாள் முழுவதும் முட்டை தொடாதவர் அன்றைக்கு முழுக்க வேறு எதுவும் சாப்பிடவில்லை. டூர் மேனேஜருக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

உப்பளத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். கோடைதான் அங்கே உப்பு வாரும் காலம். அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் ஜூலைப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தோம். வரிவரியாக வண்ணம் பூசிய கோஸ்டா நோவா வீடுகளும், 62 மீட்டர் உயரமுள்ள பார்ரா கலங்கரை விளக்கமும் 'நேரமில்லை' என்று அடியோடு விடுபட்டன. அதே மாலையில் பயணத்திட்டத்தில் இல்லாத ஒரு நினைவுப்பொருள் கடைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

எங்கள் கோரிக்கை இதுதான். அவெய்ரோ நாளுக்கான கட்டணத்தை எங்கள் இருவருக்கும் திருப்பித் தர வேண்டும். முட்டை விஷயத்தில் என் அம்மாவிடம் நிறுவனம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அடுத்த குழுவையாவது திங்கட்கிழமையில் அங்கே அழைத்துப் போகாதீர்கள், படகைப் பற்றி உங்கள் ஆட்கள் சொல்லும் தவறான தகவலையும் திருத்துங்கள்.

பணம் கட்டிய ரசீது, அச்சிட்ட பயணத்திட்டம், உணவு விருப்பத்தைக் குறித்த படிவத்தின் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் போர்ச்சுகல் சுற்றுலாப் பயணி