ஹெடர் போடட்டும், சைலன்சரைக் கழற்ற வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வேலூரில் இரவு நேரத்தில் அலறிக்கொண்டு ஓடும் கார்களைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட்டில் கை வைப்பவர்கள் எல்லோரையும் பிடிக்க வேண்டும் என்கிறார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் இன்ஜினை ஒட்டிய புகைக்குழாயான ஹெடர் வேறு, பின்னால் சத்தத்தை அடக்கும் சைலன்சர் வேறு. சத்தம் போடுவது பெரும்பாலும் சைலன்சர் கழற்றிய வண்டிதான்.

பழைய கார்களில் இன்ஜினை ஒட்டி, சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு இருக்கும். சூட்டில் நாளாக நாளாக அது விரிசல் விடும். அதற்குப் பதிலாகப் போடுவதுதான் ஹெடர்: தனித்தனிக் குழாய்கள் கீழே ஒன்றாகச் சேரும். நீளம் சரியாக அமைந்தால், ஒரு குழாயில் வேகமாகப் போகிற புகை அடுத்த சிலிண்டரின் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். பலன் தெரிவது இன்ஜின் வேகமாகச் சுழலும் அதிக ஆர்பிஎம்மில்தான். காட்பாடி நெரிசலில் இரண்டாவது கியரில் ஊர்கிறவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது.

என்னிடம் இருப்பது 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர். நான்கு சிலிண்டர் என்றாலும் புகை வெளியேற மூன்றே வழி. நடுவில் உள்ள இரண்டுக்கும் பொதுவான ஒன்று. இது தெரியாமல் நான்கு குழாய் ஹெடரை விற்கப் பார்க்கிறார்கள். இந்த இன்ஜினில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டரும் எக்ஸாஸ்ட் உள்ள அதே பக்கம், மேனிஃபோல்டுக்கு மேலே இருக்கிறது. மெல்லிய குழாய் வார்ப்பிரும்பைவிட அதிகமாகச் சூட்டை வெளியே விடும். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில், நடுவில் தகடு வைத்து மறைக்காவிட்டால் கார்ப்பரேட்டரிலேயே பெட்ரோல் கொதிக்கும், வண்டி நின்றுவிடும். மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த ஸ்டட்டை (திருகாணியை) அவசரப்பட்டுத் திருகினால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டிலேயே முறிந்துபோகும். முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். காற்று உள்ளே போகும் இன்டேக்குக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் ஒன்றுதான். ஹெடரின் தகடு கனம் மாறினால் ஒரு பக்கம் காற்று இழுக்கும், ஐட்லிங் தடுமாறும். அப்புறம் கார்ப்பரேட்டரைச் சரிசெய்து, புகைப் பரிசோதனை மையத்தில் அளவு பார்க்க வேண்டும். தேய்ந்துபோய் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இல்லாத இன்ஜினுக்கு இதெல்லாம் வீண்செலவு. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள பிந்தைய கார்களில் அதைக் கழற்றிவிட்டு ஹெடர் போடுவதை ஒருக்காலும் ஏற்க முடியாது.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்து, பின்னால் நல்ல சைலன்சரும் இருந்தால் தெருவில் யாருக்கும் தொல்லை இல்லை. சில பட்டறைகளில் சைலன்சரைக் கழற்றி நேர்க்குழாய் வைத்து, அந்தச் சத்தத்தையே பவர் என்று சொல்லி இளைஞர்களிடம் காசு வாங்குகிறார்கள். வேறெந்த ஊரையும்விட வேலூரில் இது கொடுமை. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த நோயாளிகள் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். மருத்துவமனையைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும் 100 மீட்டருக்குள் பகலில் 50 டெசிபல், இரவில் 40 என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. 2019 திருத்தத்துக்குப் பின், சத்த அளவை மீறி வண்டி ஓட்டுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

ஆகவே போக்குவரத்துக் காவல்துறை சத்தத்தை மீட்டர் வைத்து அளந்து நடவடிக்கை எடுக்கட்டும். நேர்க்குழாய் மாட்டித் தரும் பட்டறைகளையும் விசாரிக்கட்டும். பழைய வண்டியில் எந்த மாற்றம் செல்லும், எது செல்லாது என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தமிழில் ஒரு பலகை வைத்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
அம்பாசடர் உரிமையாளர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.