பேக்கனோடு முடிந்துவிடும் வாழ்க்கையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நீண்ட ஆயுள் பற்றிய தங்கள் கட்டுரையில், 116 வயதில் 2016இல் மறைந்த அமெரிக்க மூதாட்டி சுசன்னா முஷாட் ஜோன்ஸ் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. தினமும் காலையில் பேக்கன் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி) சாப்பிட்டார் என்பதோடு அது முடிந்துவிட்டது. எனக்கு மனம் ஆறவில்லை.

அலபாமா மாநிலத்தின் லவுன்டெஸ் கவுன்டியில், விளைச்சலில் பங்கு கொடுத்து வாரக்குடிகளாக அடுத்தவர் நிலத்தை உழுத கறுப்பினக் குடும்பத்தில் 1899இல் பிறந்தவர் அவர். 1922இல் பள்ளிப் படிப்பை முடித்தார். கறுப்பின மாணவர்களுக்கான டஸ்கிகீ கல்வி நிறுவனத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தும் பணம் கட்ட வீட்டில் வசதியில்லை. அடுத்த ஆண்டே நியூயார்க் சென்று பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளை வளர்க்கும் வேலையில் சேர்ந்தார். 1965இல் ஓய்வுபெறும்வரை வீட்டு வேலைதான்.

அந்த வேலையைச் சட்டம் எப்படி மதித்தது என்று பாருங்கள். அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு 1935இல் முதியோர் ஓய்வூதியத்தைக் கொண்டுவந்தபோது வீட்டு வேலையாட்களையும் பண்ணைக் கூலிகளையும் விலக்கிவைத்தது. கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் செய்துவந்தவை இந்த இரண்டு வேலைகள்தாம்! 1938ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் இவர்களுக்கு இடமில்லை. ஓய்வூதியக் கதவு 1950இல் சற்றுத் திறந்தது. கூலிச் சட்டம் வீட்டு வேலையாட்களை எட்டிப்பார்த்தது 1974இல்தான். அதற்குள் சுசன்னா ஓய்வுபெற்று ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

அவர் விட்டுவந்த ஊரின் கதை இன்னும் கொடுமை. பெண்களுக்கு வாக்குரிமை 1920இலேயே வந்துவிட்டது என்று புத்தகங்கள் சொல்லும். லவுன்டெஸில் அப்போது ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். ஆனால் 1965 தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அந்த ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்ததும் துணிந்து பெயர் பதிந்த வாரக்குடிகளை நில உரிமையாளர்கள் வெளியேற்றினார்கள். 80ஆம் எண் நெடுஞ்சாலையோரம் கூடாரம் அடித்து, பிள்ளைகுட்டிகளோடு குளிரில் கிடந்தன அக்குடும்பங்கள்.

சுசன்னாவுக்குப் பிள்ளைகள் இல்லை. தன் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொண்டு உடன்பிறந்தோரின் மகள்கள் மூவரைக் கல்லூரியில் படிக்கவைத்தார். பழைய பள்ளித் தோழிகளோடு சேர்ந்து, கறுப்பின இளம்பெண்களின் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை நிதியும் தொடங்கினார். தனக்கு எட்டாமல் போன படிப்புக்கு வீட்டு வேலைக் காசில் வழிதிறந்த பெண்மணியைப் பற்றி எழுதும்போது காலை உணவுதானா முதலில் நினைவுக்கு வர வேண்டும்? அடுத்த இதழில் இதற்கு அரைப் பக்கமாவது ஒதுக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை