நாற்பது நிமிடம் கொடுங்கள்

விழாக் குழுவினருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை மேடையில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் மைக் நின்றது. கரண்ட் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. "தெரிந்த சினிமாப் பாட்டாகப் பாடும்மா" என்று கீழேயிருந்து உங்களில் ஒருவர் சைகை காட்டினார்.

அப்போது நான் பாடிக்கொண்டிருந்தது புறநானூற்றின் 235ஆம் பாட்டை வைத்து எழுதியது. அதியமான் செத்த பிறகு ஔவை அழுத அழுகை அது. அவன் மார்பில் பாய்ந்த வேல் அங்கே நிற்கவில்லையாம். பாணரின் உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர் கையிலும் ஊடுருவி, கடைசியில் புலவரின் நாவில் போய் விழுந்ததாம். "இனிப் பாடுநரும் இல்லை, பாடுநர்க்கு ஒன்று ஈகுநரும் இல்லை" என்ற அடிக்கு நான் வந்தபோதுதான் நீங்கள் மைக்கை அணைத்தீர்கள்.

முன்வரிசையில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். பென்னாகரம் பக்கம் தெருக்கூத்துக்கு முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் வாசித்தவர். பாரதக் கூத்தில் அரவான் களப்பலியன்று விடிய விடிய வாசித்திருக்கிறார், யாரும் அவரைப் பாதியில் எழுப்பியதில்லை. என் ஆல்பத்தின் ஏழு பாட்டிலும் அவர் முகவீணை இருக்கிறது. பைபாஸில் லாரிச் சத்தம் குறையும் பின்னிரவுகளில், ஜன்னலில் ஜமுக்காளம் கட்டி, இரண்டு வருஷம் பதிவு செய்தோம். அன்றைக்கு வீடு திரும்பும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

நாற்பது நிமிடம்தான் கேட்கிறேன். பணம் வேண்டாம்.

நம் தர்மபுரிதான் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம். பலநாள் போனாலும், பலரோடு போனாலும் முதல்நாள் போலவே வரவேற்றான் என்று அதே ஔவை பாடியிருக்கிறாள். உங்கள் அலுவலகத்துக்கு நான் நான்கு முறை வந்தேன். நான்கு முறையும் வராந்தாவில்தான் நின்றேன். இந்த ஊரில் சொந்தமாகப் பாட்டு எழுதும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் பெங்களூருக்கு பஸ் ஏற வேண்டியதுதானா?

மன்னியுங்கள், கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன். அடுத்த விழாவில் ஒரு மாலை, நாற்பது நிமிடம், இடையில் மைக்கை அணைக்காமல். தயவுசெய்து கொடுங்கள். எந்த நாள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், அப்பாவைக் கூட்டிவர வேண்டும்.

இப்படிக்கு,
அன்று பாதியில் இறங்கிய பாடகி