பதினாறு வயதில் நீங்கள் சொன்னது சரிதான்: கிறிஸ் சிப்னலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கிறிஸ் சிப்னல் அவர்களுக்கு,

வணக்கம். காலத்திலும் விண்வெளியிலும் ஊர் சுற்றும் டாக்டர் என்பவரின் கதையான பிபிசி தொடர் 'டாக்டர் ஹூ' பற்றி எங்கள் வாட்ஸாப் குழுவில் சண்டை வரும்போதெல்லாம் கடைசியில் யாராவது அந்தப் பழைய வீடியோத் துண்டைக் கொண்டுவந்து போட்டுவிடுவார், கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. 1986 டிசம்பர், பிபிசியின் 'ஓப்பன் ஏர்' நிகழ்ச்சி. லிவர்பூல் ரசிகர் சங்கத்துக்காரர்களோடு பதினாறு வயதில் நீங்கள். அப்போதுதான் முடிந்திருந்த சீசனைப் பற்றிக் கேட்கிறார்கள். இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம், அதிலும் அந்தக் கடைசிக் கதையை, என்கிறீர்கள். தாழ்வாரங்களில் அங்குமிங்கும் ஓடுவதும் அசட்டு அரக்கர்களும் பார்த்துச் சலித்த சமாச்சாரம் என்கிறீர்கள். எழுதிய பிப் பேக்கர், ஜேன் பேக்கர் தம்பதியின் காதுபடவே.

அந்த வீடியோவைப் போடுகிறவர்களின் கணக்கு சுலபமானது. அன்றைக்கு வாய் பேசிய பையன் வளர்ந்து அதே தொடருக்குப் பொறுப்பேற்றான், 2020-ல் அவனுக்கும் அதே அடி விழுந்தது, நன்றாக வேண்டும். எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடில்லை. அந்தப் பையன் சொன்னது சரி. 2020-ல் உங்கள்மேல் விழுந்த அடிகளில் பாதி தவறான இடத்தில் விழுந்தது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதால் உங்கள் கைக்கு வரப்போவதில்லை. பரவாயில்லை, கூட நின்று படிக்க நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1986 சீசன் முழுக்க ஒரே வழக்கு விசாரணை. பதினான்கு பாகங்கள். அதன் கடைசி இரண்டு பாகங்களை எழுத வேண்டியவர் ராபர்ட் ஹோம்ஸ், அந்தத் தொடரின் மிகச் சிறந்த கைகளில் ஒருவர். அவர் அந்த மே மாதம் இறந்துவிட்டார். திரைக்கதைப் பொறுப்பில் இருந்த எரிக் சேவர்டு கடைசிப் பாகத்தை எழுதினார். முடிவு எப்படி இருக்க வேண்டும் என்பதில் தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னரோடு முட்டிக்கொண்டு, தன் பிரதியைப் பயன்படுத்தக் கூடாது என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம்தான் பேக்கர் தம்பதி உள்ளே வருகிறார்கள். பதின்மூன்றாம் பாகம் எப்படி முடிகிறது என்று அவர்களுக்குத் தெரியும். பதினான்காம் பாகத்தில் சேவர்டு என்ன எழுதியிருந்தார் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லக் கூடாது. சொல்லவில்லை என்பதற்குச் சாட்சியாக அந்தச் சந்திப்பில் வக்கீல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் இருந்தது சில நாட்கள். இப்படி ஒரு சூழ்நிலையில் கதை பண்ணச் சொன்னால் நான் வீட்டுக்குப் போய் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவேன்.

இதெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தாலும் திரையில் ஓடியது மாறிவிடப் போவதில்லை. அந்தப் பாகத்தை இப்போது பார்த்தாலும், வில்லனின் இயந்திரத்தைக் கண்டு டாக்டரின் துணையாக வரும் மெல் 'மெகாபைட் மோடம்' என்று வியக்கிற இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. வில்லன் பேசும் வசனத்துக்கோ பக்கத்தில் அகராதி வேண்டும். எழுதியவர்களின் கஷ்டம் நமக்கு இரக்கத்தைத் தரலாம். எபிசோடுக்கு மதிப்பெண் கூட்டித் தராது. நீங்கள் அன்று வைத்த குறை எழுத்தைப் பற்றியது: இது புதிதாக இல்லை, இதைவிட நன்றாகச் செய்ய முடியும். ரசிகர் சொல்லக்கூடிய குறைகளில் மிக நேர்மையானது அது.

சரி, 2020-க்கு வருவோம். பிப்ரவரி 23-ம் தேதி வந்த எபிசோடுக்கும் மார்ச் 1-ம் தேதி வந்த 'தி டைம்லெஸ் சில்ட்ரன்' எபிசோடுக்கும் நடுவில் ஒரு வாரம். ரசிகராக இருப்பதன் சுகம் முழுக்க அந்த வாரத்தில்தான் இருந்தது. பாதி மனிதர் பாதி இயந்திரமான சைபர்மேன்களோடு போர் நடந்துகொண்டிருக்கும்போதே, சம்பந்தமே இல்லாமல் அயர்லாந்துக் கிராமம் ஒன்றைக் காட்டினீர்கள். ரோட்டில் கிடந்த குழந்தையை ஒருவர் எடுத்து வளர்க்கிறார். பிரெண்டன் என்ற அந்தப் பிள்ளை வளர்ந்து போலீஸ்காரன் ஆகிறான். திருடன் ஒருவன் சுட்டு, மலை முகட்டிலிருந்து கீழே விழுகிறான், ஒன்றும் ஆகாமல் எழுந்து உட்காருகிறான். வயதாகி ஓய்வு பெறுகிற நாளில், கடிகாரப் பரிசை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், வளர்த்த அப்பாவும் பழைய அதிகாரியும் ஒரு நாள்கூட மூப்படையாமல் நிற்கிறார்கள். உள்ளே கூட்டிப்போய் அவன் நினைவையெல்லாம் அழித்துவிடுகிறார்கள். ஏன், யார், ஒரு விளக்கமும் கிடையாது. அந்த வாரம் முழுக்க எங்கள் குழுவில் ஆளுக்கொரு தியரி. முதல் சைபர்மேன் இவன்தான் என்றார் ஒருவர். டாக்டரின் பரம எதிரி மாஸ்டரின் பழைய உருவம் என்றார் இன்னொருவர். ராத்திரி ஒரு மணிக்கு ஆடியோ மெசேஜ் அனுப்பி விளக்கியவரும் உண்டு.

பிறகு மார்ச் 1. டாக்டரின் இனமான டைம் லார்டுகள் வாழ்ந்து அழிந்துபோன காலிஃப்ரே கிரகத்தில் மாஸ்டர் உண்மையைப் போட்டு உடைக்கிறான். டெக்டியூன் என்ற பெண் வேறொரு பிரபஞ்சத்தின் வாசலில் ஒரு குழந்தையைக் கண்டெடுத்தாள். அந்தக் குழந்தை செத்தும் வேறு உருவில் எழுந்தது. அதைத் திரும்பத் திரும்பச் சோதித்து, அந்த வித்தையைப் பிடுங்கித் தன் இனத்துக்குக் கொடுத்தாள். சாகும் நேரத்தில் வேறு உருவெடுக்கும் டைம் லார்டுகளின் மறுபிறப்பு ரகசியம் அதுதான். அந்தக் குழந்தை டாக்டர். நாம் முதல் டாக்டர் என்று நினைத்திருந்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு முன்னால் எத்தனையோ டாக்டர்கள். பிரெண்டன் கதை, அந்த நினைவுகளை மறைத்து வைத்திருந்த திரை.

கொதித்துவிட்டார்கள். 1963-லிருந்து வந்த வரலாற்றையே கிழித்துவிட்டார் என்றார்கள். டார்டிஸ் என்ற கால இயந்திரத்தைத் திருடிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிய சாதாரண ஆளைத்தான் நாங்கள் நேசித்தோம், அவரைப் பிறப்பிலேயே தெய்வமாக்கிவிட்டீர்கள் என்றார்கள். இந்த இரண்டாவது வருத்தத்தில் எனக்குப் பாதி ஒப்புதல் உண்டு. முதலாவதை நான் கேட்டுக்கொள்ள மாட்டேன். ஏனென்றால் அந்த வரலாறு என்று சொல்லப்படுவது எப்படி வந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது.

டைம் லார்டு பன்னிரண்டு முறைதான் மறுபிறப்பு எடுக்க முடியும் என்ற விதி 1976-ல் வந்த 'தி டெட்லி அசாசின்' கதையில்தான் முளைத்தது. எழுதியவர் அதே ராபர்ட் ஹோம்ஸ். அதுவரை கடவுள்கள் போலத் தூரத்தில் இருந்த டைம் லார்டுகளை, மூட்டுவலியும் பதவி ஆசையும் பிடித்த கிழவர்களாகக் கீழே இறக்கினார். அன்றைய ரசிகர் சங்கத்தின் தலைவர் அதை வெளுத்து வாங்கி ஒரு விமர்சனம் எழுதினார். தொடரின் மாயமே போய்விட்டது என்பது அவர் வாதம். இன்றைக்கு அந்தக் கதை இந்தத் தொடரின் உச்சங்களில் ஒன்று. 2020-ல் நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று உங்கள்மேல் பாய்ந்தவர்கள் தூக்கிப் பிடித்த காலிஃப்ரே, ஹோம்ஸ் கெடுத்துவிட்டார் என்று அன்றைக்குத் திட்டு வாங்கிய அதே காலிஃப்ரேதான்.

அதே 1976 ஜனவரியில் 'தி பிரெயின் ஆஃப் மார்பியஸ்' வந்தது. டாக்டரும் மார்பியஸ் என்ற கெட்ட டைம் லார்டும் மனத்தால் மல்லுக்கட்டுகிறார்கள். திரையில் அன்றைய டாக்டர் டாம் பேக்கர், அவருக்கு முந்தைய டாக்டர்கள் ஒவ்வொருவராக ஹார்ட்னெல் வரை வருகிறார்கள். அத்தோடு நிற்கவில்லை, மேலும் எட்டு முகங்கள். எல்லாம் படப்பிடிப்பு ஆட்கள், வேஷம் கட்டிக்கொண்டு நின்றவர்கள். தயாரிப்பாளர் ஹின்ச்கிளிஃப் ஒருவர், ஹோம்ஸ் இன்னொருவர். அவர்களைப் பொறுத்தவரை அவை ஹார்ட்னெலுக்கு முந்தைய டாக்டர்கள். ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்த முகங்கள் மார்பியஸுடையவை என்று நாற்பது வருஷத்துக்கு மேல் வாதாடிச் சமாளித்தார்கள். நீங்கள் உங்கள் எபிசோடில் டாக்டரின் நினைவுகள் பொங்கி வரும் இடத்தில் அந்த முகங்களையும் போட்டீர்கள். ஹோம்ஸின் முகத்தையும் சேர்த்துத்தான். அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ரசிகராக இருந்து எழுத வந்தவருக்குத்தான் இந்தக் குறும்பு வரும்.

ஆக, வரலாற்றைக் கெடுத்தீர்கள் என்பது என் புகார் இல்லை. என் புகார் நீங்கள் 1986-ல் சொன்ன வகையைச் சேர்ந்தது. அந்த எபிசோடில் டாக்டர் என்ன செய்கிறார்? நிற்கிறார். டைம் லார்டுகளின் நினைவுக் களஞ்சியமான மேட்ரிக்ஸுக்குள் அவரைக் கட்டிப்போட்டுவிட்டு மாஸ்டர் பாடம் நடத்துகிறான். குழந்தை விழுந்தது, எழுந்தது, டெக்டியூன் சோதித்தாள், இப்படி ஒவ்வொன்றாக. அத்தனை பெரிய ரகசியத்தை டாக்டர் தானே தேடிக் கண்டுபிடித்திருந்தால் இந்தச் சண்டையில் பாதி எழுந்திருக்காது என்று நினைக்கிறேன். எங்கள் ஊர்ப் படங்களில் கடைசி ரீலில் வில்லன் நாற்காலியில் கட்டிப்போட்ட ஹீரோவிடம் ஃப்ளாஷ்பேக் சொல்வானே, அது மாதிரி ஆகிவிட்டது. முடிவும் அப்படித்தான். எல்லாவற்றையும் அழிக்கும் குண்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரால் அமுக்க முடியவில்லை. சரி, அவர் குணம் அது. அதற்காக கோ ஷார்மஸ் என்ற பெரியவர் வந்து வாங்கிக்கொண்டு, நீ போம்மா என்று அனுப்பிவிட்டுத் தான் சாவதும், டாக்டர் ஓடுவதுமா? டாக்டராக நடித்த ஜோடி விட்டேக்கரிடம் இதைவிடப் பெரிய நடிப்பு இருந்தது. அதற்கு நீங்கள் இடம் கொடுக்கவில்லை.

இத்தனைக்கும் சும்மா நிற்பதையே கதையாக்கத் தெரிந்த தொடர்தான் உங்களுடையது. 2018 நவம்பரில் வந்த 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்' அதற்குச் சாட்சி. எழுதியவர் வினய் படேல். 1947 ஆகஸ்ட், எல்லைக்கோடு அறிவிக்கப்படும் நாட்கள். டாக்டரின் கூட்டாளி யாஸின் பாட்டி உம்ப்ரீன் முஸ்லிம், அவள் கட்டிக்கொள்ளும் பிரேம் இந்து. பிரேமின் தம்பி மனீஷே ஆயுதக் கும்பலைக் கூட்டிவருகிறான். வரலாற்றைத் தொட முடியாது என்பதால் டாக்டரும் கூட்டாளிகளும் திரும்பி நடக்கிறார்கள். பின்னால் துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கிறது. வேற்றுக்கிரகவாசிகள் கெட்டவர்கள்கூட இல்லை, யாருமில்லாமல் சாகிறவர்களுக்குச் சாட்சியாக நிற்க வந்தவர்கள். அதிலும் டாக்டரால் எதுவும் செய்ய முடியாமல் போகிறது. ஆனால் அந்தக் கையாலாகாத்தனம் வலிக்கிறது. முடிவில் வழக்கமான தீம் இசைக்குப் பதில் நம் பக்கத்துக் குரலில் அதே மெட்டு வந்தபோது, பெயர்கள் ஓடி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. பிரிவினையைப் பற்றி பிரிட்டிஷ் டிவியில், அதுவும் குழந்தைகள் பார்க்கும் சனி, ஞாயிறு நேரத்தில்! இதற்காக மட்டும் உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

இன்னொன்று. நீங்கள் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர் என்பதையும், காலமற்ற குழந்தையின் கதை அங்கிருந்துதான் வந்தது என்பதையும் பின்னால் ஒரு பேட்டியில் நீங்களே சொன்னீர்கள். படித்ததும் அந்த எபிசோடின் ஓரிடம் எனக்கு வேறு மாதிரி கேட்டது. மேட்ரிக்ஸுக்குள் உடைந்துபோய்க் கிடக்கும் டாக்டரிடம் ஜோ மார்ட்டின் நடித்த, நினைவிலிருந்து அழிக்கப்பட்ட பழைய டாக்டர் வந்து, முன்பு யாராக இருந்தாய் என்பது உன்னை எப்போதாவது கட்டுப்படுத்தியதா என்று கேட்கிறாரே, அந்த இடம். தெய்வமாக்கிவிட்டார் என்று கோபப்பட்டவர்கள், நானும் சேர்த்துத்தான், அந்தக் கேள்வியைக் காதில் வாங்காமல் தாண்டிப் போயிருந்தோம். அதனால் மாஸ்டர் பாடம் நடத்திய குறை குறைந்துவிடுமா? குறையாது. பேக்கர் தம்பதிக்குச் சொன்ன அதே நியாயம்தான். ஆனால் எபிசோடில் எந்த இடம் உயிருள்ளது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. உங்களுக்குப் பின் வந்த ரஸ்ஸல் டி. டேவிஸுக்கும் தெரிந்திருக்கிறது. அவர் அந்தக் கதையை அழிக்கவில்லை. 2023 கிறிஸ்துமஸுக்கு வந்த எபிசோடில், தேவாலய வாசலில் விடப்பட்ட ரூபி என்ற பெண்ணை டாக்டரின் துணையாக்கி, கண்டெடுக்கப்பட்ட இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்.

அதனால்தான் 2021-ல் வந்த 'ஃப்ளக்ஸ்' சீசனின் முடிவை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. டாக்டரின் அழிக்கப்பட்ட நினைவுகள் முழுக்க அடைத்து வைத்த கடிகாரம் அவர் கையிலேயே கிடைக்கிறது. திறந்தால் எல்லாம் தெரிந்துவிடும். திறக்கவில்லை. டார்டிஸின் அடியாழத்தில், நான் கேட்டாலொழியத் தராதே என்று போட்டுவிடுகிறார். போடட்டும், வேண்டாம் என்று முடிவெடுப்பதும் ஒரு முடிவுதான். ஆனால் அந்த முடிவுக்கு அவர் எப்படி வந்தார் என்று எங்களுக்குக் காட்ட ஒரு காட்சி, ஒரே ஒரு காட்சி எழுதியிருக்கலாமே சார். யாஸோடு ஒரு டீயைக் குடித்துக்கொண்டே சொல்லியிருந்தால்கூடப் போதும். ஆறு வாரம் உலகத்தையே இடித்து விளையாட நேரம் இருந்தது, இதற்கு இல்லையா?

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு ரசிகன்