வெப்ப நிவாரணம் கூரையிலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-ஆம் ஆண்டு அறிவித்த தமிழக அரசு, அதனால் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க முன்வந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் உச்சிவெயிலில் சித்தாள் வேலை பார்த்துத் திரும்பி, இரவு உறக்கத்திலேயே உயிர்விட்ட ஒருவரின் சாவு வெயிலால் நேர்ந்தது என்பதை அந்தக் குடும்பம் எப்படி மெய்ப்பிக்கும்? மாரடைப்பு என்று எழுதி முடிப்பதே எல்லோருக்கும் எளிது. சாவுக்குப் பின் தரும் பணத்தைவிட, சாகாமல் காக்கும் செலவே காலநிலைக் கொள்கையில் முன்னே நிற்க வேண்டும்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பெரிய வீடுகளைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள், கத்திரி வெயிலிலும் வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்வீடு) குளிர்ந்திருப்பதைக் கண்டு வியந்துபோகிறார்கள். கனத்த சுவர், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, காற்றை இழுத்துவிடும் முற்றம், அடுக்கடுக்கான நாட்டு ஓடு என இதற்கான காரணங்களை நம் ஊரில் சிறுவர்கள்கூடச் சொல்வார்கள். அந்தச் சுவர்களை எழுப்பிய கொத்தனார்களின் வழிவந்தவர்களும், ஆத்தங்குடிப் பூக்கல் எனும் தரை ஓட்டைக் கண்ணாடி மேல் வார்த்து வெயிலில் காயவைப்பவர்களும் தகரத்துக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் கீழே வேகிறார்கள் என்பதைச் சுற்றுலாக் கையேடுகள் சொல்வதில்லை.

2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டித்தரும் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் குடிசைகளுக்கு விடிவு தருகிறது. தீக்கும் மழைக்கும் இனி அஞ்ச வேண்டியதில்லை. எனினும் வெறும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை உள்வாங்கி இரவில் அறைக்குள் இறக்கிவிடும். மாடியில் சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு எனும் தட்டையான சுட்ட மண் ஓட்டைப் பதித்தால், அதற்கும் வசதியில்லாத இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால், வெக்கை வெகுவாகத் தணியும். இது நம் கொத்தனார்கள் தலைமுறையாகச் செய்துவரும் வேலை. புதிய தொழில்நுட்பத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு ஒதுக்கப்படும் 3.5 லட்சம் ரூபாய்க்குள்ளேயே இதையும் முடித்துக்கொள்ளச் சொல்லாமல், தனித் தொகையாகக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே தகரக் கூரையின் கீழ் இருப்போருக்கும் இது பொருந்த வேண்டும்.

அடுத்தது கூலி. நண்பகலில் வெளிவேலை செய்யாதீர்கள் என்று ஆண்டுதோறும் அறிவிக்கிறார்கள். வேலைக்குப் போகாத நாளில் அடுப்பு எப்படி எரியும் என்பதற்கு அந்த அறிவிப்பில் பதில் இல்லை. கட்டடம் கட்டுவோரிடம் கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு தொழிலாளர் நலநிதியாக வசூலிக்கப்படுகிறது. கடும் வெப்ப எச்சரிக்கை விடுக்கப்படும் நாள்களில், பதிவுபெற்ற தொழிலாளர்களின் கூலியில் ஒரு பகுதியை அந்த நிதியிலிருந்து ஈடுசெய்யலாம். குஜராத்தில் சேவா (SEWA) என்ற சுயதொழில் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த தொழிலாளர்களுக்கு, வெப்பம் ஓர் அளவைத் தாண்டினால் இழப்பீடு தரும் காப்பீடு நடைமுறைக்கு வந்திருக்கும்போது, கட்டுமானத் தொழிலாளருக்கென வாரியமே வைத்திருக்கும் நம்மால் இது முடியாதா?

காலநிலை மாற்றத்தால் வளரும் நாடுகளுக்கு நேரும் இழப்புகளுக்கென ஒரு நிதி அமைக்க 2022-இல் எகிப்தில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாடு இசைந்தது. அந்தப் பணம் காரைக்குடி வரை வந்துசேர எத்தனை பங்குனி ஆகுமோ? தட்டோட்டுக்கான தொகையை வீட்டு மதிப்பீட்டில் சேர்க்க ஓர் அரசாணை போதும். அடுத்த கோடைக்கு முன் அதை வெளியிடுமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி.