அருகில் அமர ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு,

தீராத நோயின் வலியையும் வேதனையையும் குறைக்க வீட்டிலேயே தரப்படும் நோய்த்தணிப்புச் சிகிச்சை பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் செவிலியர் வாசல் தேடி வருவது பெரிய ஆறுதல். ஆனால் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, மாத்திரை தந்துவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். மிச்சமுள்ள நீண்ட பொழுதுக்கு யார் துணை? பிள்ளைகள் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்க, டெல்டா கிராமங்களின் பல வீடுகளில் படுத்திருப்பவரும் முதியவர், பார்த்துக்கொள்பவரும் முதியவர்.

கும்பகோணம் அருகே, இறுதி நாள்களில் இருப்போருக்கான இல்லம் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். புற்றுநோய் முற்றிய விவசாயி ஒருவர், ஈரப்பஞ்சால் உதட்டை நனைக்கும்போதெல்லாம், "மேட்டூர்த் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டதா?" என்றே கேட்பார். ஒரு நாள் அவர் ஊருக்கே போய்ப் பார்த்து வந்து, "மதகைத் தாண்டிவிட்டது, ஐயா" என்றேன். என் விரலைப் பிடித்தபடி வெகுநேரம் முனகாமல் தூங்கினார். மருந்து அப்போதும் அதே மருந்துதான்.

கேரளத்தில் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று இப்பணியைச் செய்கிறார்கள். 2008இல் அம்மாநில அரசு இதற்கெனக் கொள்கையே வகுத்தது. இங்கும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் ஓய்வுபெற்றோர், மகளிர் சுயஉதவிக் குழுவினர், கல்லூரி மாணவர்கள் ஆகியோருக்குச் சில நாள் பயிற்சி அளித்து, செவிலியருடன் வீடுகளுக்கு அனுப்பலாம். முதலில் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் தொடங்கட்டும்.

வாசகர், பாபநாசம்